அத்தியாயம் 7: ஆற்றுக்கு இறங்கும் வழி

கட்டடக்கலைப் படிப்பு ஐந்தாண்டு. அதில் ஒரு பருவமாவது வெளியே போய் வேலை பழக வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பருவத்தைச் சென்னையிலோ பெங்களூரிலோ ஓர் அலுவலகத்தில், பிறர் போட்ட வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தே கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழிக்க விரும்பாதவர்களுக்காக இந்த அத்தியாயம். ஓர் ஊராட்சிக்கு ஆற்றங்கரைப் பூங்காவும் ஆற்றில் இறங்க வழியும் எப்படித் திட்டமிடுவது என்பதை, அரியலூர் மாவட்டம் தா.பழூர் ஒன்றியத்தின் கொள்ளிடக் கரையை வைத்துச் சொல்கிறேன்.

ஜெயங்கொண்டத்திலிருந்து தா.பழூர் வழியாகக் கும்பகோணம் போகும் பேருந்து மதனத்தூரில் பாலம் ஏறும். பாலத்தின் இந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம், இறங்கினால் நீலத்தநல்லூர், தஞ்சை மாவட்டம். முதல் நாள் பேருந்திலேயே பாலத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மதனத்தூரில் இறங்கி, பாலத்தை நடந்தே கடந்து, நடந்தே திரும்புங்கள். கோடையில் போனால் காலடியில் தெரிவது பெரும்பாலும் மணல்தான். நாணல் திட்டும் கோரையும் நடுவில் ஒல்லியாக ஓரிரண்டு நீரோட்டமும் இருக்கும். ஆடியில் போனால் அதே இடத்தில் கரைக்குக் கரை செந்நீர். இரண்டும் ஒரே ஆறு. உங்கள் வேலையின் கடினம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

காவிரிக்கரைப் படித்துறையைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபம், மயிலாடுதுறையின் துலாக்கட்டம், கும்பகோணத்தின் பகவத் படித்துறை எல்லாம் காவிரிக்கரையில் இருப்பவை. காவிரி பாசன ஆறு. மதகுகளைத் திறந்தும் அடைத்தும் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆறு. குறுகிய படுகை. தண்ணீர் வந்தால் படிக்கட்டின் ஏதாவது ஒரு படியில் வந்து நிற்கும். கொள்ளிடம் அப்படியல்ல. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, காவிரி தாங்காத வெள்ளத்தைச் சுமந்து பழையாறு பக்கம் கடலில் விடுகிற வடிகால் அது. மேட்டூர் நிரம்பி வழிந்தால் அதற்கு வேலை. மற்ற நாளில் மணல் காயும்.

இந்தக் கரைக்கு எங்கள் பயிற்சிக் குழு முதலில் வரைந்த வரைபடத்தில் 22 கல்படிகள் ஒய்யாரமாக இறங்கி நீரைத் தொட்டன. படம் அழகாக இருந்தது. ஆனால் பங்குனியில் போய் நின்றபோது நீர் எதிர்க்கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடைசிப் படிக்கும் தண்ணீருக்கும் நடுவில் சுடுமணல். துணி மூட்டையோடு வந்த ஓர் ஆயா எங்கள் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி படிய தேடிக்கிட்டு வராது கண்ணு, நாமதான் அது பின்னால போவணும்" என்றார். பயிற்சிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்தோம். பிறகு படம் முழுக்க மாறியது.

எந்த மட்டம் எங்கே

வரைவதற்கு முன் மூன்று மட்டங்கள் கையில் இருக்க வேண்டும். உச்ச வெள்ள மட்டம், ஆண்டுதோறும் வரும் சாதாரண வெள்ளத்தின் மட்டம், கோடையில் ஓடும் நீரின் மட்டம். இவை மூன்றும் இல்லாமல் கணினியைத் திறக்காதீர்கள்.

உச்ச வெள்ளத்துக்கு 2018-ஐ நினைவில் வையுங்கள். அந்த ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள். ஒரு கனஅடி என்பது ஏறக்குறைய 28.3 லிட்டர். அப்படியானால் ஒரு வினாடிக்கு 56 லட்சம் லிட்டருக்கு மேல். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை ஷட்டர்களில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த அணை அது. திருச்சியில் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் அந்த வெள்ளத்தில் சரிந்தது. 2022 ஆகஸ்டிலும் மேட்டூர்த் திறப்பு 2 லட்சத்தைத் தொட்டது. இவ்வளவு நீர் போகும் பாதையில் நீங்கள் ஒரு சிமென்ட் பெஞ்சு போடுகிறீர்கள் என்பதை மறக்கக்கூடாது.

அதிகாரப்பூர்வ மட்டம் நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் கிடைக்கும். 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்த துறை இது. பழைய ஆட்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். பாலத்தின் வரைபடத்திலும் வெள்ள மட்டம் குறித்திருக்கும். ஆனால் காகிதத்தோடு நிற்காமல் ஊரில் கேளுங்கள். "வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேட்டால் "ஏகப்பட்டது" என்பார்கள். அதில் பயனில்லை. "அந்த வெள்ளத்தன்னிக்கு மாட்ட எங்க கட்டுனீங்க?" என்று கேளுங்கள். "அந்தக் கல்லுகிட்ட கட்டுனேன், ராத்திரி அவுத்து மேல ஓட்டுனேன்" என்று கை நீட்டுவார்கள். அந்தக் கல்தான் உங்களுக்கு வேண்டியது.

அந்தக் கல்லின் மட்டத்தைக் கரைக்குக் கொண்டுவர விலை உயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய் 20 மீட்டர் வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையைக் கல்லருகே ஒருவர் பிடிக்கட்டும், மறுமுனையை அளவுக்கோலோடு இன்னொருவர் பிடிக்கட்டும். குழாயில் நீர் அசைந்து அசைந்து அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் படித்தால் நான்கைந்து விரல் அளவு பிசகும். குழாய் வெயிலில் கிடந்து ஒரு பாதி சூடேறினாலும் பிசகும். அதனால் விடியற்காலையில் செய்யுங்கள். கைபேசி காட்டும் உயரத்தை நம்பி மட்டம் குறிக்காதீர்கள், அது மீட்டர் கணக்கில் தவறும்.

கரை யாருடையது

தா.பழூரில் பேரூராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை. ஊராட்சிகள் சேர்ந்த ஒன்றியம். ஆகவே பூங்கா கேட்பது ஊராட்சியாக இருந்தாலும், அதற்கான நிலம் ஊராட்சியுடையதாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது, கரைப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது, நடுவில் யாருக்காவது பட்டா இருக்கிறதா என்று சர்வே எண் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கரைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவே உள்ள படுகையில் வெள்ளரி, சோளம் என்று யாராவது பயிர் வைத்திருப்பார்கள். அவர்களிடம் காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்களோடு பேசாமல் அந்த இடத்தில் ஒரு கோடும் போடாதீர்கள்.

வெள்ளக்கரை என்பது நீர்வளத்துறையின் உயிர்நாடி. அதை வெட்டிப் படி அமைக்க ஒருநாளும் கேட்காதீர்கள். பொறியாளர் மறுப்பார், மறுப்பதும் சரிதான். கரையின் மண்ணைத் தொடாமல் அதன் சரிவின்மேல் போர்த்துவதுபோல் படியை அமைக்க வேண்டும். கரைமேல் மரம் நடவும் ஆசைப்பட வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கும், வேர் இருந்த இடம் துளையாகும், வெள்ளத்தன்று அந்தத் துளை வழியே நீர் கசிந்து மண்ணை அரிக்கும். நண்டு வளையும் எலி வளையும் செய்கிற அதே வேலையை நட்ட மரமும் செய்துவிடும்.

விடியலில் கணக்கு

களத்தில் ஒரு வாரமாவது அதிகாலை ஐந்து மணிக்குக் கரையில் இருங்கள். யார் வருகிறார்கள், எந்தப் பக்கமாக இறங்குகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறியுங்கள். ஆடுகள் இறங்கும் தடம், மாடு கழுவும் இடம், துணி துவைக்கும் கல், மீன் வலை காயும் இடம் எல்லாம் படத்தில் ஏற வேண்டும். மனிதர்கள் நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை எந்த வடிவமைப்பாளரையும்விட நன்றாகச் சிந்தித்திருக்கும். சாய்வு குறைவான இடம், வழுக்காத மண், காலை வெயில் படாத பக்கம் எல்லாம் அந்தப் பாதைக்குத் தெரியும்.

அமாவாசை நாள் ஒன்று உங்கள் பயிற்சிக் காலத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திதி கொடுக்கவும் கருமாதி செய்யவும் வருபவர்கள் கரையில் என்ன செய்கிறார்கள் என்பதை எட்டி நின்று, மரியாதையோடு பாருங்கள். சவரம் செய்ய ஒருவர் உட்கார வேண்டும், ஐயர் பரப்பிவைக்க ஓர் இடம் வேண்டும், பெண்கள் கூட்டமாக நிற்க நிழல் வேண்டும், ஈரத்துணி மாற்ற மறைப்பு வேண்டும். முடிந்த பிறகு பழந்துணியும் மண்பானையும் மயிரும் ஆற்றிலேயே கிடக்கும். அதைத் திட்டுவதால் பயனில்லை. அவற்றைப் போட ஒரு தொட்டி நீங்கள் வரையவில்லை என்றால் அவை ஆற்றில்தான் கிடக்கும். படியிலிருந்து 10 எட்டுக்குள் ஒரு செங்கல் தொட்டி, ஊராட்சி டிராக்டர் வந்து அள்ளும்படி சாலைப் பக்கம் வாய் வைத்து வரையுங்கள். பூங்கா வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இந்தத் தொட்டிதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். எந்தத் தெருக்காரர்கள் எந்த இறக்கத்தில் இறங்குகிறார்கள்? ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்று பழக்கம் இருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆனால் வரைபடத்தில் அந்தப் பிரிவினையைக் கல்லாக்கிவிடாதீர்கள். அரசுப் பணத்தில் கட்டும் படி ஒன்றுதான். அது எல்லாத் தெருவிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கும்படி இடம் தேடுவது உங்கள் கையில் இருக்கிறது.

மூன்று அடுக்கு

எங்கள் இரண்டாவது படம் மூன்று அடுக்காக வந்தது. எந்தக் கொள்ளிடக் கரைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

முதல் அடுக்கு, கரைக்கு உள்பக்கம், ஊர்ப்புறம். வெள்ளம் வராத இடம். கட்டப்போகிற அனைத்தும் இங்கேதான்: கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சிறுவர் ஊஞ்சல், வண்டி நிறுத்தம், விளக்கு. கழிப்பறையை எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றுப்பக்கம் தள்ளாதீர்கள். கொள்ளிட மணலில் கிணறு இறக்கிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் நீர் எடுக்கின்றன. மணலில் விடும் கழிவு அடுத்த ஊரின் குடத்துக்குப் போகும். மரங்களும் இங்கேதான், கரையின் அடியிலிருந்து விலகி. மருதம், நாவல், புங்கன், இலுப்பை, அத்தி போன்றவை ஆற்றோரத்துக்கு உரிய மரங்கள். மருத நிலத்துக்குப் பெயர் தந்த மரமே ஆற்றங்கரை மரம்தான். விரைவில் பச்சை காட்டும் என்று கோனோகார்பஸ் போன்றவற்றை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். ஐப்பசி மழையோடு நட்டு, முதல் இரண்டு கோடைக்கும் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று பெயர் எழுதாத நடவுப் பட்டியல் வெறும் காகிதம். ஆட்டுக்கு முள்வேலி மறவாதீர்கள்.

இரண்டாவது அடுக்கு, கரையும் அதன் சரிவும். இங்கே படியும் சாய்தளமும் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரைமேலிருந்து படுகைக்கு 4 மீட்டர் இறக்கம் என்று கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டருக்கு மிகாத படி வைத்தால் 27 படிகள். அகலம் 30 சென்டிமீட்டர் கொடுத்தால் படிக்கட்டு ஏறக்குறைய 8 மீட்டர் நீளம் ஓடும். ஒன்றுக்கு இரண்டு சரிவுள்ள கரைமேல் அது அப்படியே படிந்து உட்காரும். ஆனால் துணிமூட்டையோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குபவருக்கு 30 போதாது. குறைந்தது 35 வேண்டும், 40 இருந்தால் உட்காரவும் முடியும். அப்போது படிக்கட்டு நீண்டு படுகைக்குள் புகும். ஒன்பது படிக்கு ஒரு சமதளம் வைத்தால் மூச்சு வாங்க நிற்கலாம், இன்னும் கொஞ்சம் நீளும். இந்தப் பேரத்தை வரைபடத்தில் நீங்களே பேசித் தீர்க்க வேண்டும்.

சக்கர நாற்காலிக்கும் தள்ளாத முதியவருக்கும் சாய்தளம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் 4 மீட்டர் இறங்க 48 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் ஓய்வுத் தளங்களோடு 55 மீட்டரைத் தொடும். நேராக ஆற்றை நோக்கி அதை நீட்ட முடியாது. கரைச் சரிவை ஒட்டியே பக்கவாட்டில், நீரோட்டத்தின் திசையில் இறக்குங்கள். எதிர்த் திசையில் இறக்கினால் வெள்ளம் அதன் வாயில் புகுந்து அடியைக் குடையும். அதே சாய்தளம் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் உதவும்.

கல் கொத்திய கருங்கல்லாக இருக்கட்டும். வழவழப்பான டைல்ஸும் கடப்பாக்கல்லும் பாசி பிடித்த மறுநாளே இடுப்பை உடைக்கும். கடைசிப் படிக்குக் கீழே மண் அரிக்காமல் ஆழமாக ஒரு தடுப்புச் சுவரும், அதற்கு முன்னால் தளர்வாகக் கொட்டிய பெருங்கற்களின் விரிப்பும் வேண்டும். அரிப்பு வந்தால் அந்தக் கற்கள் தாமாகவே பள்ளத்தில் சரிந்து அடியைக் காக்கும். எந்த ஆழம், எவ்வளவு கல் என்று கணக்கிடுவது பொறியாளர் வேலை. படத்தில் அதற்கு இடம் விடுவது உங்கள் வேலை.

மூன்றாவது அடுக்கு, படுகையும் மணலும். இங்கே எதையும் கட்டாதீர்கள். படிக்கட்டு படுகையில் முடியும். அங்கிருந்து நீர்வரை போவது ஒரு பாதை மட்டும். வெள்ளம் போன பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஊரார் கூடிக் குறித்துக்கொள்ளும் பாதை. நீரோட்டம் இடம் மாறினால் பாதையும் மாறும். பசங்கள் பந்து விளையாடட்டும், காணும் பொங்கலுக்குக் கூட்டம் உட்காரட்டும், ஆடிப் பதினெட்டுக்கு விளக்கு வைக்கட்டும். நாணலை வெட்டி நிலத்தைச் சமன் செய்து புல்தரை விரிக்கும் படம் ஒன்று எப்படியும் யாராவது கேட்பார்கள். அகமதாபாத்தின் சபர்மதிக் கரைப் படங்களைக் காட்டுவார்கள். இரு கரையிலும் சுவர் எழுப்பி, நர்மதைக் கால்வாய் நீரை விட்டு நிரப்பிய ஆறு அது. இங்கே அப்படி நீர் விட யாருமில்லை. மாறாக, சென்னையின் அடையாறு பூங்காவைக் காட்டுங்கள். 58 ஏக்கரில் பாழாகிக் கிடந்த கழிமுகத்தை அந்த நிலத்துக்குரிய செடிகளை வைத்தே மீட்டெடுத்து 2011-இல் திறந்தார்கள். இன்னும் துணிவு வேண்டுமென்றால் நெதர்லாந்தின் நைமேகன் நகரம் இருக்கிறது. வெள்ளத்துக்கு இடம் கொடுப்பதற்காக அவர்கள் கரையையே 350 மீட்டர் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். அந்த இடத்தில் ஒரு தீவுப் பூங்காவும் கிடைத்தது.

உயிர் சம்பந்தப்பட்டவை

மணல் எடுத்த பள்ளங்கள் ஆற்றுக்குள் கிடக்கின்றன. மேலே முழங்கால் நீர், ஓர் எட்டு வைத்தால் ஆள் உயரம். குளிக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் முன் மூங்கில் கழியால் இரண்டு மீட்டருக்கு ஒரு முறை ஆழம் பாருங்கள். நீச்சல் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் இடுப்பில் கயிறோடு முன்னால் போகட்டும், நீங்கள் போகாதீர்கள். கிழக்கே அணைக்கரைப் பகுதிக் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. மீனவர்களிடமும் வனத்துறையிடமும் விசாரித்து, எந்த மடுவில் பார்த்தார்கள் என்று படத்தில் குறித்து, அதிலிருந்து விலகியே இறங்குமிடம் வையுங்கள். எச்சரிக்கைப் பலகை தமிழில், படத்தோடு, படியின் தலைப்பில் நிற்கட்டும். கூடவே கயிறு கட்டிய மிதவை வளையம், சிவப்பும் வெள்ளையும் தீட்டிய நீர்மட்டக் கம்பம். கம்பத்தின் எந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் இறங்கக்கூடாது என்று நீர்வளத்துறையைக் கேட்டு எழுதுங்கள்.

ஊருக்குக் காட்டுவது

மேலிருந்து பார்க்கும் வரைபடம் பலருக்குப் புரியாது. அதில் குறை அவர்களிடம் இல்லை, வரைபடத்தில்தான். குறுக்குவெட்டுப் படம் புரியும். கரை, படி, படுகை, மணல், மூன்று மட்டத்தில் நீலக்கோடு. நீங்களும் முதலில் அதையே வரையுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

அதைவிடச் சிறந்தது சுண்ணாம்புப் பொடி. இரண்டு மூட்டை வாங்கி, கரைமேலேயே உண்மை அளவில் கோடு போடுங்கள். இங்கே படி, இங்கே சாய்தளம், இங்கே உடை மாற்றும் சுவர். பெண்களை அந்தக் கோட்டுக்குள் நிற்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிப் போட்டபோது ஒருவர் உடை மாற்றும் சுவருக்குள் நின்று பாலத்தைக் காட்டினார். பேருந்திலிருந்து நேராகத் தெரியும் இடத்தில் வைத்திருந்தோம். மூன்று வாரம் அந்தப் படத்தோடு வாழ்ந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அன்றே சுவரைத் திருப்பினோம்.

கிராமசபை நாட்களைக் கணக்கில் வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடையும் தொடங்கியிருக்கும், மணல் தெரியும். ஆற்றைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பணத்துக்கு ஊராட்சித் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் எந்தத் திட்டத்தைத் தேடினாலும் முதலில் கேட்கப்படுவது அந்த நகல்தான். மதிப்பீட்டை அரசு விலை விகிதப் பட்டியலின்படி போடுங்கள், சந்தை விலையில் போட்டால் திரும்பி வரும். படிக்கட்டு, சாய்தளம், தொட்டி ஆகியவற்றை முதல் பகுதியாகவும் பூங்காவை இரண்டாம் பகுதியாகவும் பிரித்துக் கொடுங்கள். பாதிப் பணம்தான் வந்தது என்றால் ஊஞ்சல் நிற்கட்டும், இறங்கும் வழி நிற்கக்கூடாது.

கடைசி வாரம் அறிக்கையைத் தமிழிலும் ஒரு படி எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். அதோடு மட்டக் குறிப்புப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டும். எந்தக் கல்லை அடிப்படை மட்டமாக எடுத்தீர்கள், அது எந்தக் கோயில் வாசலில் எந்தப் பக்கம் இருக்கிறது, அதன்மேல் பெயின்டில் போட்ட குறி எது என்பதை ஒளிப்படத்தோடு எழுதுங்கள். வெள்ளம் ஒன்று வந்துபோன பிறகு அடுத்த மாணவர் குழு அங்கே குழாயும் கையுமாக வரும்போது, அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கும்.